பாட்டும் புலவனும் பாடுபொருளும்: தொகைநூற் குறிப்புக்களை மாணவர் கொள்ளும் முறை

ஆசிரியன் உரைத்ததை அமைவுறக் கேட்டுக்கொண்ட மாணாக்கனுக்கும் புலமையிற் காற்பங்கே கிட்டும் என்பது நன்னூலார் கொள்கை. மற்றொரு காற்பங்கு உடன் பயில்வாரொடு பழகுவதாலும், எஞ்சிய அரைப்பங்கு தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதாலும் வந்து நிரம்பும் எனப் பவணந்தி முனிவர் பகுத்துக் காட்டுவர். இப்பகுப்பின்படி நோக்குவோமாயின், இலக்கியம் பயிலும் மாணவர் தாம் கற்ற நூல் பற்றியும் அதனை ஆக்கிய புலவர் பற்றியும் எழுதும் கட்டுரைகள் தேர்வின் பொருட்டுச் செய்யும் துணைவேலை ஆகா. அவர்தம் கல்வியிற் சரிபாதி அவையே. ஆகலின் அக்கட்டுரைகள் எம்முறையில் எழுதப்படுகின்றன என்பது ஆராயத் தக்கதாகின்றது.

சங்கப் புலவர் ஒருவரை எடுத்துக்கொண்டு எழுதப் புகும் முதுகலை மாணவர் பெரும்பாலும் ஒரே நெறியிற் செல்கின்றனர். புலவரின் பெயர், ஊர், காலம் என்பன முதலில் வரும். அவர் பாடிய பாட்டுக்கள் திணை, துறை, கூற்று என்னும் தலைப்புக்களின் கீழ் எண்ணிப் பகுக்கப்படும். பின்னர்க் காதல் பற்றிப் புலவர் கருத்து, இல்வாழ்க்கை பற்றிப் புலவர் கருத்து, நிலையாமை பற்றிப் புலவர் கருத்து என்று வரிசை நீளும். இந்நெறியில் உழைப்பு உண்டு. அதனை யாம் குறைத்துரைக்கவில்லை. ஆயின் பாட்டில் உள்ளது எது, பாட்டின் கீழ்த் தொகுத்தார் எழுதிவைத்த குறிப்பில் உள்ளது எது, உரையாசிரியர் கண்டுரைத்தது எது என்னும் வேறுபாடு அவற்றிற் பெரிதும் மறைந்துவிடுகின்றது. மூவர் கையெழுத்தை ஒருவர் கையெழுத்தாகப் படிப்பது போன்றது இது. இங்ஙனம் படித்து முடிந்த முடிபாக உரைக்கப்படுவனவற்றுட் பல, புலவர் ஒருபோதும் சொல்லாதவை.

தொகைநூல்களில் பாட்டுக்களோடு வந்துள்ள புலவர் பெயரும், திணை துறைக் குறிப்பும், கூற்று விளக்கமும் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கியச் சிந்தனைகள் என்பது எம் கருத்து. இவை எல்லாம் ஒரு காலத்தன அல்ல. தொகுத்தார் காலத்தனவும் பின்வந்தார் சேர்த்தனவும் விரவியவை எனக் கொள்வதே பொருந்தும். அவற்றை எழுதியோர் பாட்டைப் பாடியோர் அல்லர், பாட்டைப் பயின்றோர். பயின்று, இதனைப் பாடியவர் யார், இது எதனைப் பற்றியது, இதனுள் யார் யாரிடம் பேசுகின்றனர் என்று வினவி விடை எழுதிவைத்தவர்கள். நம் மாணவர் இன்று செய்யும் பணியை அவர்கள் சில சொற்களில் முன்னரே செய்துள்ளனர். அவர்கள் எங்ஙனம் செய்தனர் என்று காண்பது பயனுடைத்து.

முதலில் புலவர் பெயரை நோக்குவோம். பூரிக்கோ தொகுத்த குறுந்தொகையில், கடவுள் வாழ்த்து நீங்கலாக, 401 பாட்டுக்கள் உள. அவற்றைப் பாடினோராக 205 புலவர் பெயர் காணப்படுகின்றன. அந்நூலைத் திருமாளிகைச் சௌரிப்பெருமாள் அரங்கனார் 1915-ஆம் ஆண்டிலும், டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் விரிவான உரையுடன் 1937-ஆம் ஆண்டிலும் வெளியிட்டனர். அப்புலவருள் ஒரு சாரார்க்கு இயற்பெயர் வழங்கவில்லை. பாட்டினுள் வரும் ஓர் அருந்தொடரே பெயராகிவிட்டது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், விட்டகுதிரையார், ஓரேருழவனார், கல்பொரு சிறுநுரையார், குப்பைக் கோழியார், பதடி வைகலார் எனப் பலர் இவ்வகையினர். நற்றிணையிலும் தேய்புரிப் பழங்கயிற்றினார் உளர். களிறு இரண்டு இருபுறமும் பற்றி ஈர்க்கும் தேய்ந்த பழங்கயிறு போல நெஞ்சுக்கும் அறிவுக்கும் இடையே தன் உடல் அழிகின்றது என்று தலைவன் வருந்தும் பாட்டுக்கு உரியவர் அவர்.

இப்பெயர்கள் எதிலிருந்து எடுக்கப்பட்டன என்பதை மாணவர் உற்று நோக்கல் வேண்டும். தலைவன் அருகிருக்கும்போது விழாக்கொண்ட ஊர் போல மகிழ்வதாகவும், அவன் நீங்கியபோது மக்கள் போய்விட்ட சிற்றூரில் அணில்கள் விளையாடும் முற்றத்தையுடைய தனி வீடு போலப் பொலிவிழப்பதாகவும் தலைவி ஒருத்தி கூறுகின்றாள். அப்பாட்டின் பொருள் பிரிவாற்றாமை. பிரிவாற்றாமையைப் பாடாத அகப்புலவர் அரியர். ஆகலின் அதுகொண்டு அவர்க்குப் பெயர் அமையவில்லை; அணில் ஆடும் முற்றமே பெயராயிற்று. காமத்தைப் பொறுத்துக்கொள் என்பார் அத்துணை வன்மையுடையரோ என்று கேட்டு, தான் பெருவெள்ளத்திற் கல்லின்மேல் மோதும் சிறுநுரை போல மெல்ல மெல்ல இல்லாகின்றேன் என்று கூறும் தலைவியின் பாட்டிலும் அங்ஙனமே. பொருள் பலர்க்கும் பொது. நுரை ஒருவர்க்கே உரியது.

மீனெறி தூண்டிலாரையும் விட்டகுதிரையாரையும் அடுத்தடுத்து வைத்துக் காண்பார்க்கு இஃது இன்னும் தெளிவாகும். இருவர் பாட்டிலும் வளைந்த மூங்கில் விடுபட்டு மேலெழும் காட்சி உண்டு. ஒருவர்க்கு அது மீனைப் பற்றியபின் விரைந்து தூக்கப்படும் தூண்டிலாகத் தோன்றிற்று. மற்றவர்க்குக் கட்டவிழ்த்து விட்ட குதிரையின் துள்ளலாகத் தோன்றிற்று. மூங்கில் ஒன்றே, கண்டவர் இருவர். பெயரிட்டோர் இவ்விருவரையும் மயங்காமல் பிரித்தறிய உவமையையே பற்றுக்கோடாகக் கொண்டனர். பாடுபொருள் மரபுக்குரியது, உவமை புலவனுக்குரியது என்னும் தெளிவு அவர்கட்கு இருந்தது என்றே யாம் கருதுகின்றோம். எல்லாப் பெயர்களும் இவ்வாறு அமைந்தன அல்ல என்பதும் உண்மை. பாலை பாடிய பெருங்கடுங்கோ, வெறி பாடிய காமக்கண்ணியார், மடல் பாடிய மாதங்கீரனார் என்போர் பொருளாற் சிறப்புப் பெற்றவர். ஆயின் அங்கெல்லாம் இயற்பெயர் உடன் நிற்கின்றது. பொருள் அடையாக மட்டுமே வருகின்றது. இவ்வேறுபாடு தற்செயலானதன்று.

தொடராற் பெற்ற பெயர்கள், புலவர் பெயர் மறைந்துபோன பாட்டுக்களுக்குத் தொகுத்தார் தாமே இட்டுக்கொண்டவை என்பது பலரும் கூறும் காரணம். மாணவர் கட்டுரைகளில் இஃது ஐயமற்ற செய்தியாகவே எழுதப்படுகின்றது. முழுதும் அங்ஙனம் கொள்ளுதற்குத் தடைகள் உள. ஓரேருழவனார் என்னும் பெயர் குறுந்தொகை 131-ஆம் பாட்டின் உவமையால் வந்தது. அதே பெயர் புறநானூற்று 193-ஆம் பாட்டின் கீழும் உள்ளது; அப்பாட்டில் ஏரும் இல்லை, உழவனும் இல்லை. குறுந்தொகையைத் தொகுத்தவர் பெயரறியாப் பாட்டொன்றுக்கு ஒரு பெயரைப் புனைந்தார் எனின், புறநானூற்றில் உள்ள வேறொரு பாட்டும் அவருடையதே என்பது எங்ஙனம் அறியப்பட்டது? அவ்வுவமையின் சிறப்பால் புலவர் உலகில் அவர் அப்பெயராலேயே வழங்கப்பட்டார், பின்னர் எத்தொகையில் அவர் பாட்டுச் சேர்ந்தாலும் அப்பெயரே உடன் சென்றது என்று கொள்வதே நேரிது.

காக்கைபாடினியார் நச்செள்ளையார் நிலையும் இதற்குத் துணையாகின்றது. விருந்து வரக் கரைந்த காக்கைக்கு ஏழு கலத்தில் நெய்யும் சோறும் படைத்தாலும் சிறிதே என்னும் குறுந்தொகைப் பாட்டால் வந்த சிறப்புப் பெயர், ஆடுகோட்பாட்டுச் சேரலாதனைப் பாடிய பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்திலும் புறநானூற்றிலும் அவர்க்கு வழங்குகின்றது. கயமனார் பெயரும் குறுந்தொகை 9-ஆம் பாட்டில், கயத்தில் மூழ்கும் மகளிரின் கண்களை நெய்தற்பூவுக்கு உவமையாக்கியதால் வந்தது என்பர். அவர் பாட்டுக்களோ நான்கு தொகைகளிற் பரவிக் கிடக்கின்றன. மேலும், பெயரில்லாப் பாட்டுக்கெல்லாம் தொடரிலிருந்து பெயரிடுவது தொகுத்தார் வழக்காயின், குறுந்தொகையிற் சிலவும் நற்றிணையில் மிகப் பலவும் இன்றுவரை பெயரின்றி நிற்பானேன்? ஏடெழுதுவோர் கையில் அவை பின்னர் வீழ்ந்தன எனலாம். அவ்விடையை யாம் முற்றும் தள்ளவில்லை. ஒரு பாட்டே பாடி, ஒரு தொகையிலேயே காணப்படும் புலவர் திறத்தில் தொகுத்தாரே பெயரிட்டனர் என்று கொள்ளவும் இடமுண்டு. எல்லார்க்கும் ஒரே காரணம் கூறுவதே பொருந்தாதது.

ஓரேருழவனாரின் இரு பாட்டுக்களும் மற்றொரு வகையாலும் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. குறுந்தொகைப் பாட்டில், தலைவி இருக்கும் ஊர் நெடுந்தொலைவில் உள்ளது என்றும், தன் நெஞ்சம் அவளை நோக்கி விரைகின்றது என்றும் தலைவன் கூறுகின்றான். மழை பெய்து நிலம் உழுதற்கேற்ற ஈரம் பெற்றுள்ளது. ஈரம் உலர்வதற்குள் உழுதாக வேண்டும். பல ஏர் உடையவன் பகுத்து உழுவான். ஓர் ஏரே உடையவன் என் செய்வான்? அவன் படும் பதற்றமே தலைவன் நெஞ்சின் பதற்றம். உழவுத் தொழிலை அணித்தே நின்று கண்டவர்க்கன்றி இவ்வுவமை தோன்றாது. புறநானூற்றுப் பாட்டிலோ, வெளுத்துக் கிடக்கும் அகன்ற களர்நிலத்தில் வேட்டுவனுக்குத் தப்பி ஓடும் மானைப் போலத் தானும் ஓடித் தப்பலாம், ஆனால் சுற்றத்தோடு வாழும் வாழ்க்கை காலைத் தளையிடுகின்றது என்று ஒருவன் கூறுகின்றான்.

இனி, இல்வாழ்க்கை பற்றி ஓரேருழவனார் கருத்து யாது என்று ஒரு மாணவர் தலைப்பிட்டு எழுதினால் என்ன விடை வரும்? முதற்பாட்டில் நெஞ்சு ஓடிச் சேரும் இடம் இல்லம்; இரண்டாவதில் காலைக் கட்டும் தளையும் அதுவே. இளமையில் ஒரு கருத்தும் முதுமையில் ஒரு கருத்தும் கொண்டார் என்று எழுதி இடர்ப்பாட்டைத் தீர்த்துக்கொள்ளும் கட்டுரைகளை யாம் கண்டதுண்டு. அதற்குச் சான்று யாதும் இல்லை. அகப்பாட்டிற் பேசுவோன் தலைவன், புலவன் அல்லன். அகத்திணையில் எவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்று தொல்காப்பியம் விதித்ததன் பயன்களுள் ஒன்று, புலவன் தன் சொந்த வாழ்வை அதனுள் நுழைத்தற்கு இடமின்மை. ஆதலின் அகப்பாட்டைப் புலவன் கொள்கைக்குச் சான்றாகக் காட்டுவது, நாடக மாந்தன் கூற்றை நாடக ஆசிரியன் கூற்றாக எழுதுவதனோடு ஒக்கும். இரு பாட்டுக்கும் பொதுவாக நின்று ஆசிரியரைக் காட்டுவது கருத்தன்று. விரையும் ஒன்றையும் அதற்கு எதிரே உள்ள தடையையும் நிலத்தின்மேல் வைத்துக் காணும் கண். ஓரிடத்து அஃது ஈரநிலம்; மற்றோரிடத்துக் களர்நிலம். ஓரேருழவனாரைப் பற்றி எழுதப் புகுவார் இங்கே தொடங்குவாராக.

கூற்றுக் குறிப்புக்கு வருவோம். யார், யார்க்கு, எவ்விடத்து இதனைக் கூறினர் என்பதைப் பாட்டிலிருந்தே உய்த்துணர வைப்பதனை முன்னம் என்னும் உறுப்பாகத் தொல்காப்பியர் செய்யுளியலில் வைத்தார்; செய்யுட்குரிய உறுப்புக்கள் 34 என அவர் எண்ணியவற்றுள் அஃது ஒன்று. கூற்று, கேட்போர், களன், காலம் என்பனவும் அவற்றுள் அடங்கும். இதனால், கூற்றை உணர்தல் கற்போன் கடமை என்பதும், அதற்குரிய குறி பாட்டினுள்ளேயே இருத்தல் வேண்டும் என்பதும் பெறப்படும். பாட்டின் கீழ் எழுதப்பட்ட குறிப்பு, முன்னத்தால் ஒருவர் உணர்ந்ததன் பதிவு. அதனைச் சோதித்துப் பார்க்கும் உரிமை பின்வரும் மாணவர்க்கும் உண்டு.

சில இடங்களிற் குறிப்பும் பாட்டும் பிரிக்கலாகாதவாறு ஒன்றுகின்றன. கபிலரின் குறுந்தொகை 25-ஆம் பாட்டில், தலைவன் தன்னைக் கூடிய நாளில் வேறு சான்று யாரும் இல்லை, ஆரல் மீனை எதிர்நோக்கி நின்ற நாரையே இருந்தது, அவன் பொய்த்தால் யான் என் செய்வேன் என்கின்றாள் தலைவி. திருமணம் நீட்டித்தபோது கூறியது என்னும் குறிப்பு இங்குப் பாட்டின் அச்சத்திலிருந்தே முளைக்கின்றது. செம்புலப்பெயனீராரின் 40-ஆம் பாட்டு இத்தகையது அன்று. உன் தாயும் என் தாயும் ஒருவர்க்கொருவர் யார், நம் தந்தையர் எம்முறையில் உறவினர், நாம் இருவரும் எவ்வழி அறிந்தோம் என்று வினவி, செம்மண்ணிற் பெய்த மழைநீர் போல நெஞ்சங்கள் கலந்தன என்று அது முடிகின்றது. முதற் கூட்டத்தின் பின் தலைவன் பிரிவானோ என்று தலைவி அஞ்சினாள், அக்குறிப்பறிந்து அவன் தெளிவித்தான் என்று கீழே எழுதப்பட்டுள்ளது. அச்சம் பாட்டில் இல்லை. பிரிவு என்னும் சொல்லும் இல்லை. சொல்லமைப்பளவிற் பார்த்தால் தலைவி கூற்றாகக் கொள்ளவும் தடையில்லை.

அங்ஙனமாயின் குறிப்பைத் தள்ளிவிடலாமோ எனின், தள்ளலாகாது. அச்சத்தோடு சேர்த்துப் படிக்கும்போது அவ்வினாக்கள் வியப்பு மட்டும் ஆகாமல் உறுதிமொழி ஆகின்றன. உறவால் சேர்ந்திருப்பின் உறவு முறிந்தபோது பிரியலாம்; எவ்வுறவும் இன்றி நேர்ந்த கலப்பை எதுகொண்டு பிரிப்பது? சிவந்த நீரிலிருந்து சிவப்பை எடுப்பார் யார்? இவ்வாழம் குறிப்பெழுதியவர் நமக்கு ஈந்தது. யாம் அக்குறிப்பை ஏற்கும் சார்பினேம். ஆயின் ஏற்பது வேறு. அதுவே பாட்டு என்பது வேறு. இற்றை நாளில் இப்பாட்டைக் குலம் கடந்த காதலின் முழக்கமாகக் காட்டி, செம்புலப்பெயனீராரைச் சமுதாயச் சீர்திருத்தப் புலவர் என எழுதுவோரும் உளர். இரு குடும்பமும் முன்னர் உறவினர் அல்லர் என்பதே பாட்டால் அறியப்படுவது. குலத்தைப் பற்றி அஃது ஒன்றும் கூறவில்லை. அப்புலவர் பெயரால் நமக்குள்ளது இந்த ஐந்தடிப் பாட்டு ஒன்றே. ஐந்தடிகொண்டு ஒருவர்க்குச் சமுதாயக் கொள்கை வகுப்பது மிகை.

குறிப்பை மறந்ததால் நேர்ந்த சுவையான விளைவுக்கும் ஒரு சான்று உண்டு. குறுந்தொகையின் 2-ஆம் பாட்டு, தலைவன் தலைவியின் நலம் பாராட்டித் தும்பியை நோக்கிக் கேட்பது. காதலன் கூற்றாக உள்ளவரையில் அதில் வழக்கு எழ இடமில்லை. திருவிளையாடற் கதையில் அப்பாட்டுத் தருமியின் கையில் அவைக்கு வருகின்றது; பேசுவோனும் கேட்போனும் களனும் நீங்கிவிடுகின்றன. உடனே அது மகளிர் கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டோ இல்லையோ என்னும் ஆய்வுரையாகிவிடுகின்றது. நக்கீரர் கண்ட குற்றம் பாட்டின் குற்றமா, கூற்றை இழந்த பாட்டைப் படித்ததன் குற்றமா என்பதை மாணவர் ஒருமுறை தமக்குள் வாதிட்டுப் பார்த்தல் நன்று.

புறப்பாட்டுக்களில் நிலைமை வேறு. ஆங்குக் குறிப்பின்றேல் சிலபோது பாட்டே விளங்காது. புறநானூற்று 112-ஆம் பாட்டில் அன்றைய நிலவொளியில் தந்தையும் மலையும் இருந்தமையும், இன்றைய நிலவொளியில் முரசுடைய வேந்தர் மலையைக் கொண்டமையும் தந்தை இல்லாமையும் கூறப்படுகின்றன. பாரியின் பெயரோ பறம்பின் பெயரோ அதில் இல்லை. பாரிமகளிர் பாடியது என்னும் குறிப்பு வாராதிருப்பின், அது யாரோ ஒருவரின் அழுகுரலாகவே நின்றிருக்கும். கபிலர் அம்மகளிரை விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் அழைத்துச் சென்று பாடிய 200 முதல் 202 வரையுள்ள பாட்டுக்கள் இக்குறிப்புக்கு அரணாகின்றன. எனினும் இதனை அங்கவை சங்கவை பாடிய பாட்டு என்று எழுதும் மாணவர் ஒரு படி தாண்டிவிடுகின்றனர். அப்பெயர்கள் புறநானூற்றுப் பாட்டிலும் இல்லை, குறிப்பிலும் இல்லை, பிற்கால வழக்கில் வந்தவை.

அப்பாட்டுக்குப் பொதுவியல் திணையும் கையறுநிலைத் துறையும் குறிக்கப்பட்டுள்ளன. பொதுவியல் என்றொரு திணை தொல்காப்பியர் கூறிய புறத்திணை ஏழனுள் இல்லை. புறப்பொருள் வெண்பாமாலையில் உள்ளது. இம்முரண்பாட்டை முதலிற் கண்டு கடிந்தவர் நச்சினார்க்கினியர். தொகைநூல்கட்கு இலக்கணம் அகத்தியமும் தொல்காப்பியமும் ஆதலின், பிற்கால நூல் வழியே புறநானூற்றுக்குத் துறை கூறியது பொருந்தாது என்பது அவர் வாதம். இதனை வெறும் பெயர்ப் பூசல் எனக் கருதற்க. தொல்காப்பியத்திற் கையறுநிலை காஞ்சியின்பாற்படும்; காஞ்சியாவது நிலையாமை. தந்தையை இழந்த மகளிரின் நிலவொளியை உலகத்து நிலையாமையோடு வைத்துப் படிப்பதா, எத்திணையிலும் அடங்காதவற்றை வைக்கும் பொதுவிடத்தில் வைத்துப் படிப்பதா என்பதே வினா. எமக்கு நச்சினார்க்கினியர் பக்கமே வலுவுடையதாகத் தோன்றுகின்றது. துறை எண்ணிக்கைப் பட்டியல் இடுவோர், எவர் வகுத்த துறையை எண்ணுகின்றனர் என்பதையேனும் பட்டியலின் தலையிற் குறித்தல் வேண்டும்.

அந்நச்சினார்க்கினியரே நெடுநல்வாடைக்கு உரை வகுக்கும்போது செய்ததும் ஈண்டு நோக்கற்பாலது. அப்பாட்டில் அரசன் பாசறையில் இருக்கின்றான். அரசி அரண்மனையில் வருந்துகின்றாள். எவர் பெயரும் இல்லை. அகம் என்று கொள்ளுதற்கு வேண்டியன எல்லாம் உள. ஆனால் பாசறையில் அரசனுக்கு முன் செல்வோன் ஏந்திய வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டுள்ளது என்னும் ஒரு செய்தி வருகின்றது. வேம்பு பாண்டியர்க்கு உரிய பூ. அடையாளப் பூக் கூறியது பெயர் கூறியதனோடு ஒக்கும். ஆதலின் இது புறமாயிற்று என்று அவர் முடிவு செய்தார். ஒரு பூவைக்கொண்டு ஒரு நெடும்பாட்டின் திணையை மாற்றியது தகுமோ எனப் பின்வந்தோர் வினவியுள்ளனர். அகப்பாட்டே என நிறுவ முயன்றோரும் உளர். அவ்வாறு வினவுதற்கு இயன்றது, அவர் தம் முடிபை மட்டும் எழுதாமல், எச்சொல்லைப் பற்றிக்கொண்டு முடிபுக்கு வந்தார் என்பதனையும் உடன் எழுதிவைத்தமையால் ஆகும்.